ஓட்டை போடாத பால் டின்

காக் மினாவின் கை என் ஒட்டுப்பால் பையின்மேல் நின்றுவிட்டது.

தோட்டத்து கேட்டில் பெண்களைச் சோதனை போடுவதற்கென்று வைத்திருந்த மலாய்க்கார அம்மாள் அவர். தினமும் போகும்போதும் வரும்போதும் என் தோளைத் தடவுவார், இடுப்பைத் தடவுவார், தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வார், பிறகு "போ" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அன்று வேலை முடிந்து திரும்பும்போது அந்தத் தட்டு விழவில்லை. "செமுட்," என்றார். எறும்பு.

நானும் குனிந்து பார்த்தேன். என் சட்டையின் முன்பக்கமெல்லாம் சிவப்பெறும்பு. பையின் வாயிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொள்வோம். அதை எந்த எறும்பும் திரும்பிப் பார்க்காது. அந்த நாற்றத்துக்கு மனிதர்களே பக்கத்தில் வரமாட்டார்கள். காக் மினாவுக்கும் அது தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். விட்டுவிடலாமா என்று யோசித்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பின்னால் துப்பாக்கியோடு ஸ்பெசல் கான்ஸ்டபிள் நின்றான். அவர் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். காலிப் பால் டின். கான்ஸ்டபிள் அதை வாங்கிக் கவிழ்த்தான், நிமிர்த்தினான், மூடியை விரலால் தடவினான். ஆணி ஓட்டை இல்லை. கத்தியால் அறுத்துத் திறந்திருந்தது.

"யார் கொடுத்தது?" என்று மலாயில் கேட்டான்.

எனக்கு அப்போது ஐந்து மாதம். காலையிலிருந்து நடந்தது எதுவும் எனக்கே சரியாக விளங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "சம்மனசு," என்றேன்.

வேதக்காரர் வீடுகளில் தேவதூதரை அப்படித்தான் சொல்வோம். கான்ஸ்டபிளுக்கு என்ன தெரியும்? எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற காளியம்மா அக்காதான் மொழிபெயர்த்தாள். "மலாய்காட் லா, மேலேர்ந்து எறங்கி வர்ற ஆளு." வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். காக் மினா மட்டும் சிரிக்காமல், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்.

ஆணியும் சுத்தியும்

கம்பி வேலியைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்குப் பாயா ரும்புட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நான் மிகைப்படுத்துகிறேனாம், அவ்வளவு கெடுபிடி அப்போது இல்லையாம். ஐயா அந்த நாளில் டவுனில் இருந்திருப்பார். டவுனில் இருந்தவர்களுக்கு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட எமர்ஜென்சி என்பது பேப்பரில் வந்த சமாச்சாரம். பெம்பான் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த எங்களுக்கு அது வாயோடும் வயிற்றோடும் சம்பந்தப்பட்டது.

வேலைக்குப் போகும்போது கேட்டுக்கு வெளியே ஒரு பருக்கை சோறு கொண்டுபோகக் கூடாது. ரொட்டி கூடாது, அவித்த கிழங்கு கூடாது, சீனி போட்ட கோப்பி கூடாது. கொண்டுபோனால் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுக்கத்தான் கொண்டுபோகிறாய் என்று அர்த்தம். அதற்கு வருடக்கணக்கில் சிறை. இல்லையென்றால் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். நான் பிறந்ததே இந்த மண்ணில்தான். இந்தியாவில் என்னை யாருக்குத் தெரியும்?

டின் சாமானுக்கு இன்னொரு சட்டம். பால் டின்னோ மீன் டின்னோ, கடையில் விற்கும்போதே ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்டால் இரண்டொரு நாளில் கெட்டுப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது.

எங்கள் தோட்டத்துக் கடையில் அந்த ஆணியும் சுத்தியும் வைத்திருந்தவர் சூசை. என் வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் உலை கொதித்துவிடும்.

இப்போது உங்களுக்கு விளங்கும். ஓட்டை போடாத டின் என் பையில் இருந்தால் போலீஸ் முதலில் யாரைப் பிடிக்கும்?

ஒருசந்தி

தவறு என்னுடையது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் இரண்டு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவதும் போய்விடுமோ என்ற பயத்தில், தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. பிள்ளைத்தாய்ச்சி ஒருசந்தி இருக்கக் கூடாது என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும். யாரிடமாவது கேட்டால் வேண்டாம் என்பார்கள், அதனால் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கண்ணெதிரே தட்டில் சோற்றைப் போட்டுக்கொள்வேன். அவர் கடைக்குக் கிளம்பியதும் அதைப் பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். பிள்ளை தங்கவேண்டும் என்று பிள்ளையைப் பட்டினி போட்ட புத்திசாலி நான்.

தவக்காலமும் பால்மரம் இலை உதிர்க்கும் காலமும் இங்கே ஒன்றாக வரும். நிழல் என்று ஒன்று இருக்காது. காய்ந்த சருகு காலடியில் நொறுங்கும், வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கும். பாலுக்கு மரம் வெட்டி முடித்து, மங்குக் கிண்ணங்களில் இருந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே கடைசி நிரை வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு அப்பால் காடு. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு வாளியையும் தூக்கினேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பிறகு ஒரு கை. என் பின்னந்தலையைத் தூக்கிப் பிடித்திருந்தது. உதட்டில் டின்னின் விளிம்பு. வாயெல்லாம் தித்திப்பு. தண்ணீர் கலந்த டின் பால். கொஞ்சம் உள்ளே போயிற்று, கொஞ்சம் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கண்ணைத் திறக்கப் பார்த்தேன், வெயில் கூசியது. ஓர் ஆள் நிழல் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"பயப்படாத தங்கச்சி. மெதுவா குடி," என்றது குரல்.

அப்புறம் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன் போலிருக்கிறது. விழித்தபோது யாரும் இல்லை. மரத்தில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தேன். பக்கத்தில் கால் டின் பால் மிச்சம் இருந்தது. வாளி கவிழ்ந்து, வெட்டிய பாலெல்லாம் சருகில் உறைந்திருந்தது.

மிச்சத்தையும் குடித்தேன். குடித்துவிட்டு, இதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எங்கள் லயத்து வீடுகளில் காலிப் பால் டின் என்றால் அரிசி அளக்கும் படி, கோப்பி குடிக்கும் குவளை, விளக்கு, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். காலி டின்னைக் காட்டில் எறிந்துவிட்டு வர எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கு மனம் வரும்? ஓட்டை இல்லாத டின் என்பதைக்கூட நான் சந்தோஷமாகத்தான் பார்த்தேன், தண்ணீர் ஒழுகாது என்று.

சிறகு முளைத்த கதை

அன்று சாயங்காலமே கடையிலிருந்து சூசையை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது லோரியின் பின்பலகையைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவர் யோசிக்காமல் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

போலீசின் கணக்கு இப்படி: புருஷன் கடையிலிருந்து ஓட்டை போடாத டின்னைக் கொடுத்தான், பெண்டாட்டி அதைக் காட்டு ஆட்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள், காலி டின்னோடு திரும்பி வந்தாள். மயக்கம், சம்மனசு எல்லாம் கதை. என்னையும் பிடித்திருப்பார்கள். வயிற்றைப் பார்த்து விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். அவர் எப்போது வருவார், வருவாரா, அல்லது ஒருநாள் கப்பல் டிக்கெட்டோடுதான் வருவாரா என்று சொல்ல ஆளில்லை.

மறுநாள் உபதேசியார் லாசர் வந்தார். மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் எங்கள் சின்னக் கோயிலுக்கு உபதேசியார்தான் எல்லாம். நெட்டையான, ஒல்லியான மனிதர். பேசும்போது முழங்கை இரண்டும் தனித்தனியாக ஆடும்.

"அது என்ன சொல்லிச்சு, அத மட்டும் மறக்காம சொல்லு மகளே," என்றார்.

"பயப்படாதன்னு சொன்னுச்சுங்க."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "முதல் வார்த்தையே அதுவா?"

"ஆமாங்க."

"சந்தேகமே இல்ல. வேதத்துல எந்தச் சம்மனசு வந்தாலும் முதல் வார்த்தை அதுதான். மனுசன் வந்தா 'யாரு நீ'ன்னு கேப்பான். 'இங்க என்ன பண்ற'ன்னு கேப்பான். பயப்படாதன்னு சொல்றது அவங்கதான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்த ஆகாருக்குக் கிணற்றைக் காட்டியது யார்? செத்துப்போகிறேன் என்று செடியடியில் படுத்த எலியாசைத் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தது யார்? ஜெயிலில் இருந்த இராயப்பரின் சங்கிலியைக் கழற்றி வெளியே கூட்டிப்போனது யார்? மற்றதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெயில் என்றதும் அழுதுவிட்டேன். "அந்தச் சம்மனசு இப்ப ஸ்டேசனுக்குப் போகாதாங்க?" என்று கேட்டேன். உபதேசியாரின் முழங்கைகள் கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தன.

உண்மையைச் சொன்னால், எனக்கு எதுவுமே விளங்கவில்லை. சம்மனசு என்று கேட்டில் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன்? அது சம்மனசுதான் என்று நம்பியா, அல்லது ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாமலே என் வாய் முந்திக்கொண்டதா? சம்மனசு தமிழில் பேசுமா? பேசினாலும் தங்கச்சி என்றா கூப்பிடும்? அதன் கையில் பால் டின் எப்படி வரும்? எலியாசுக்குக் கொடுத்தது சுட்ட அப்பம், டின் சாமான் இல்லை.

காளியம்மா அக்காவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "கடைசி நிரைக்கிட்டதான நம்ம முனீஸ்வரர் கல்லு இருக்கு? வேற யாரு வருவா?" என்றாள்.

"அவரு பால் டின் வச்சிருப்பாராக்கா?"

"நாங்க படைக்கிறோமில்ல, அதுல ஒன்னு எடுத்திருப்பாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பயப்படாதன்னு எங்க சாமி சொல்லாது. அது பயமுறுத்திட்டுத்தான் குடுக்கும்," என்றாள்.

லயத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. உபதேசியார் ஜெபத்தில் தினமும் என் கதையைச் சொன்னார். மூன்றாம் நாள் என் சம்மனசுக்குச் சிறகு முளைத்துவிட்டது. ஐந்தாம் நாள் அது என்னைத் தூக்கிப் பறந்துவந்து கேட்டுக்கு அருகில் இறக்கிவிட்டது. நான் நடந்துதான் வந்தேன் என்று சொன்னால், "உனக்கு மயக்கம், உனக்கென்ன தெரியும்?" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

தார்ப்பாயில் கிடந்தவர்

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் எங்களை வேலைக்கு விடவில்லை. லோரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். காட்டில் சண்டை நடந்து, ஓர் ஆளைச் சுட்டுவிட்டார்களாம். போலீஸ் ஸ்டேசன் முன்னால் கிடத்தி, சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களையெல்லாம் கூப்பிட்டு அடையாளம் கேட்டார்கள். அந்த வருடங்களில் இது வழக்கம். இதை நான் மிகைப்படுத்தவில்லை, பாயா ரும்புட் ஐயா.

வரிசையாகப் போனோம். ஒவ்வொருவரும் பார்த்தார்கள், தெரியாது என்றார்கள், தள்ளிப்போனார்கள். காளியம்மா அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். என் முறை வந்தபோது சாதாரண உடையில் இருந்த ஒருவர் என்னைத் தனியாக நிறுத்தினார். தமிழ் பேசும் டிடெக்டிவ். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"ஏம்மா, உனக்குப் பால் குடுத்தது இவன்தானே?"

"எனக்கு மொகம் தெரியாதுங்க சார்."

"நல்லா பாரு. போன மாசம் சடக்குல லோரிய மறிச்சு டின் சாமானெல்லாம் தூக்கிட்டுப் போனானுங்க. இவன்தான் குடுத்தான்னு நீ சொல்லிட்டா, டின்னு அந்த லோரி டின்னுன்னு ஆயிரும். மயக்கத்துல கெடந்தவ வாயில ஊத்தினான், நீ என்ன செய்வ? உன் மேலயும் தப்பில்ல, உன் புருஷன் மேலயும் தப்பில்ல. இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போகலாம்."

"இல்லன்னா சார்?"

"இல்லன்னா அந்த டின்னு கடை டின்னுதான்," என்றார்.

பார்த்தேன். தமிழர். முப்பது வயதுகூட இருக்காது. சட்டையில் காய்ந்த ரத்தம். சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள், பாதம் இரண்டும் வெளுத்துப் போயிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஈயை விரட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். எனக்குத் தெரிந்தது ஒரு குரல் மட்டும். செத்தவருக்குக் குரல் ஏது? அந்த வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை பேசினால் போதும், சொல்லிவிடுவேன் என்று பைத்தியம் மாதிரி தோன்றியது.

இவர் இல்லை என்றுதான் என் மனம் சொல்லியது. எதனால் என்று கேட்டால் காரணம் இல்லை. உபதேசியார் அத்தனை நாள் சொல்லிச் சொல்லி என் மனதில் வைத்த சம்மனசுக்கு வெள்ளை உடையும் பொன்னிறக் கூந்தலும் வந்துவிட்டிருந்தன. தார்ப்பாயில் கிடந்த மனிதரோடு அதைப் பொருத்த முடியவில்லை. ஆனால் ஸ்டேசனுக்குள் சூசை இருந்தார். என் வயிற்றில் பிள்ளை இருந்தது.

விரலை நீட்டினேன். "இவன்தான் சார்," என்றேன்.

இவர் என்றுகூடச் சொல்லவில்லை. இவன் என்றேன்.

ஒரு செபமாலை

மதியத்துக்குள் விட்டுவிட்டார்கள். சூசை இரண்டு வாரத் தாடியோடு வெளியே வந்தார். ஒன்றாக வீடு வந்தோம். அவரைக் காப்பாற்றப் பொய் சாட்சி சொல்லியிருக்கிறேன் என்று அவரிடமே எப்படிச் சொல்வது? எனக்கு அவரைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது, அவர் சாப்பிடும்போது அழுகை வந்தது, எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மாதம் சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோயில் மூலையில் ஒரு நாற்காலி, நடுவில் துணித்திரை, அவ்வளவுதான் எங்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டி. செத்துப்போன ஓர் ஆள்மேல் பொய் சொல்லிவிட்டேன், எனக்கு உதவி செய்தது சம்மனசு, அதை மறைத்து ஒரு கம்யூனிஸ்டைக் கைகாட்டிவிட்டேன் என்றேன். சாமியார் வயதானவர், எத்தனையோ கேட்டவர். பொய் சாட்சி பெரிய பாவம், ஆனால் பயத்தில் செய்தது என்று புத்தி சொல்லி, அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை ஒன்று சொல்லச் சொன்னார். அன்றைக்கே சொல்லி முடித்தேன். மனம் கொஞ்சம் லேசானது.

பிள்ளை தங்கியது. ஆண் பிள்ளை. ஒருசந்தியை அப்போதே விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும், மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயம் டவுனுக்குப் போகும் சடக்கில் மறுபடி தொல்லை. போலீஸ் லோரி துணைக்கு வந்தால்தான் சாமியார் வர முடியும் என்றாகி, ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது. பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது. முந்தின நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பெயர் பதிய உபதேசியாரிடம் போனோம்.

அவர் பெயரைத் தயாராகவே வைத்திருந்தார். "சம்மனசுநாதன். வேற பேரே வைக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "வேலாயுதம்னு வைக்க முடியாதுங்களா?" என்றார்.

உபதேசியார் சிரித்துவிட்டார். "என்னப்பா சூசை, அது அர்ச்சிஷ்டவர் பேரு இல்லியே, முருகன் பேரு. சாமியார் என்னைத் தொலச்சிடுவாரு."

"முடியாதுன்னா சரி," என்றார் இவர்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் வேலாயுதம் என்று ஒருவர் இல்லை. மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். திரும்பி நடக்கும்போது கேட்டேன். "யாருங்க வேலாயுதம்?"

லயம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்த பிறகு சொன்னார். "ஸ்டேசன் வாசல்ல கெடந்தானே. அவன்தான்."

நான் நின்றுவிட்டேன். அந்த ஆளின் பெயரை யாரும் சொல்லவில்லை. போலீசுக்கே தெரியாது, தெரிந்திருந்தால் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எங்கூடப் படிச்சவன். அடுத்த தோட்டம்," என்றார். "நம்ம கல்யாணத்துல பந்தியில பரிமாறினான். நீ தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்த, பாத்திருக்க மாட்ட. உன்னை அவனுக்குத் தெரியும்."

"அப்ப அந்த டின்னு?"

"நான் குடுத்ததுதான். மாசத்துக்கு ஒன்னு ரெண்டு, ஓட்ட போடாம குடுப்பேன். கொண்டுபோய் உனக்கே ஊத்துவான்னு நான் கண்டேனா?" சற்றுப் பொறுத்து, "நீ வெரல நீட்டினப்ப உள்ள ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் தலையையும் பிள்ளையையும் அடகு வைத்தாயே என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இதை எழுதுவதால் இனி யாருக்கும் ஆபத்தில்லை. பிள்ளை சம்மனசுநாதனுக்கே பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன். தன் பெயரின் கதை அவனுக்கு உபதேசியார் சொன்ன மாதிரிதான் தெரியும், சிறகோடு. இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

திரைக்கு இந்தப் பக்கம்

பெயர் பதிந்த மறுநாள் ஞாயிறு காலை, ஞானஸ்நானப் பூசைக்கு முன்பு, மறுபடியும் அந்தத் துணித்திரைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். பிள்ளை வெளியே சூசையின் கையில்.

"சாமி, முன்ன நான் பொய்னு சொன்னது பொய் இல்ல," என்றேன்.

"என்னம்மா சொல்ற?"

"ஸ்டேசன்ல கைகாட்டினேன்ல, அது உண்மைதானாம். பால் குடுத்தது அவருதானாம்."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "அப்ப அது பாவமே இல்லியேம்மா. உண்மையத்தான சொல்லியிருக்க."

"அதான் சாமி எனக்குப் புரியல. பொய்னு நெனச்சப்ப மனசு இவ்வளவு வலிக்கல."

நானே தொடர்ந்தேன்.

"நீங்க ஒரு செபமால குடுத்தீங்க, சொன்னேன், சரியாப் போச்சு. இப்ப உண்மைன்னு தெரிஞ்சப்பறம் தூக்கம் வரல. அவருகிட்ட இருந்ததே ஒரு டின்னாத்தான் இருக்கும். எனக்கு ஊத்திட்டாரு. அவரு தரையில கெடந்தாரு சாமி, மேல ஈ மொச்சிக்கிட்டு இருந்துச்சு, நான் வெரல நீட்டி இவன்தான்னேன். இவரு அந்தச் சம்மனசு இல்லன்னு நெனச்சிக்கிட்டே சொன்னேன்."

சாமியார் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். திரையின் கீழே அவருடைய பழைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. பிறகு மெதுவாக மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெளியே பிள்ளை அழத் தொடங்கியது.

"பிள்ளை அழுவுது. போம்மா," என்றார்.

"அபராதம் என்னங்க சாமி?"

எனக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். பொய்க்கு ஒரு செபமாலை கொடுத்தவர், உண்மைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.